புசுபுசுன்னு புரோட்டீன் பேன்கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்ல புரோட்டீன் பேன்கேக் ட்ரை பண்ணி கடைசில செருப்பு சோல் மாதிரி ஒண்ண மென்னு முழுங்கினவங்களுக்காக இது. நானும் அந்த கூட்டத்துல ரொம்ப நாள் இருந்த ஆள்தான். இப்ப யாராவது வீட்டுக்கு வந்து சாப்பிட்டா "இதுல பவுடர் இருக்கா, சும்மா சொல்லாதீங்க"ன்னு கேக்குற அளவுக்கு வந்தாச்சு, கூடவே கேள்வியும் வந்துட்டே இருக்கு, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன்.

புரோட்டீன் பவுடர் போட்டாலே பேன்கேக் ஏன் ரப்பர் மாதிரி ஆகுது?

பவுடர மாவுன்னு நினைக்கிறதுலதான் எல்லா வினையும் ஆரம்பிக்குது. பாக்க ரெண்டும் பொடியா இருக்கு, அதனால மாவுக்கு பதிலா பவுடர கொட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு தோணும், நானும் அப்படித்தான் கொட்டினேன். ஆனா மைதால ஏறக்குறைய முக்கால்வாசி ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. சூடு பட்டதும் அது தண்ணிய இழுத்து வீங்கி இளகி அப்புறம் மெத்துன்னு செட் ஆகும், பேன்கேக் சாஃப்டா இருக்குன்னு நாம சொல்றது அந்த ஸ்டார்ச்ச நம்பித்தான். வே பவுடர்ல, அதாவது பால் திரிஞ்சா பிரியுற தண்ணில இருந்து எடுக்குற புரோட்டீன் பவுடர்ல, அந்த ஸ்டார்ச் கிடையாது. இருக்கிறது பெரும்பாலும் புரோட்டீன், அது 70 டிகிரி செல்சியஸ தாண்ட ஆரம்பிச்சதும் சுருண்டு கிடந்த இழையெல்லாம் பிரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், சூடு ஏற ஏற அந்த பின்னல் இறுகும், இறுகும்போது உள்ள இருக்குற தண்ணிய பிழிஞ்சு வெளிய தள்ளிடும். முட்டைய மறந்துபோய் ரொம்ப நேரம் வேக விட்டா வெள்ளைக்கரு பந்து மாதிரி ஆகுதுல்ல, அதே சங்கதிதான்.

இதுல இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு. வே பவுடர் பச்சையா இருக்கும்போது மாவு மாதிரி தண்ணிய இழுக்காது, பேசாம கரைஞ்சு போயிடும். அதனால கலவை தண்ணியா தெரியும், "அய்யோ லூசா இருக்கே"ன்னு இன்னொரு ஸ்கூப் போடுவோம், அப்பவும் லூசாத்தான் இருக்கும், சரி இன்னும் அரை ஸ்கூப்னு போடுவோம், பாத்திரத்துல அவ்ளோ சாதுவா இருந்தது தவால விழுந்ததும் இறுகிப் போயிடும். என்னோட முதல் பேன்கேக் ரெண்டு ஸ்கூப் பவுடர், ஒரே ஒரு முட்டை, கொஞ்சம் பால், அவ்ளோதான். அத தட்டுல போட்டப்ப டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பேன்கேக் சத்தம் போடக்கூடாது.

அப்போ எவ்ளோ பவுடர் வரைக்கும் போடலாம்?

காஞ்ச பொருள் மொத்தத்துல, அதாவது மாவும் பவுடரும் சேர்த்து, மூணுல ஒரு பங்குக்கு மேல பவுடர் வேணாம். 60 கிராம் மாவுன்னா 30 கிராம் பவுடர். பாதிக்குப் பாதி போனாலும் சாப்பிடலாம், ஆனா புசுபுசுப்ப மறந்துடுங்க.

"அப்படின்னா புரோட்டீன் கம்மியாயிடுமே"ன்னு உடனே கேப்பீங்க. ஆகாது. மிச்ச புரோட்டீன ஈரமான பக்கத்துல இருந்து எடுங்க, முட்டை, வடிகட்டின கெட்டித் தயிர், காட்டேஜ் சீஸ் (பன்னீர் மாதிரி, ஆனா அமுக்காம ஈரமா இருக்கிறது), இந்த மாதிரி. இதெல்லாம் வரும்போதே தண்ணிய கையோட கூட்டிட்டு வர்ற புரோட்டீன், பவுடர் மாதிரி வறட்டுன்னு வந்து உக்காராது. எனக்கு வழி தெரிஞ்சது இந்த ஒரு மாத்தத்துக்கு அப்புறம்தான்.

சரி, உங்க அளவ சொல்லுங்க

6 பேன்கேக்குக்கு, உள்ளங்கை சைஸ்ல: ஓட்ஸ பொடிச்ச மாவு 60 கிராம், புரோட்டீன் பவுடர் 30 கிராம் (பெரும்பாலான டப்பால ஒரு ஸ்கூப்), முட்டை 2, கெட்டித் தயிர் 100 கிராம், பால் 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன் தலை தட்டி, சமையல் சோடா ரெண்டு விரல்ல எடுக்குற அளவு, உப்பு அதே அளவு, எலுமிச்சை சாறு அரை டீஸ்பூன், அது முட்டை வெள்ளைக்கு. வெனிலா வாசனை வேணும்னா சில சொட்டு.

மஞ்சக்கரு, தயிர், பால் மூணையும் முதல்ல ஒண்ணா கலக்கிடுங்க, இன்னொரு பாத்திரத்துல காஞ்சதெல்லாம் ஒண்ணா சலிச்சுக்கோங்க, ரெண்டையும் சேர்த்து ஒரு அஞ்சு நிமிஷம் ஓரமா வச்சிட்டு அந்த நேரத்துல வெள்ளைக்கருவ எலுமிச்சை சாறோட அடிங்க, கடைசியா அத மாவுல மெதுவா மடிச்சு கலந்துட்டு உடனே சுட ஆரம்பிச்சிடுங்க. வரிசைய மட்டும் மாத்தாதீங்க. பால் அளவு உங்க பவுடர பொறுத்து கொஞ்சம் ஏறும் இறங்கும், அத கீழ சொல்றேன்.

தயவுசெஞ்சு ஒரு சின்ன தராசு வச்சுக்கோங்க. ஸ்கூப்ப அமுக்கி எடுத்தா ஒரு அளவு, தளர எடுத்தா ஒரு அளவு, அஞ்சாறு கிராம் சாதாரணமா மாறிடும், இவ்ளோ சின்ன அளவுல அந்த அஞ்சு கிராமே தாராளமா கெடுத்து விட்டுடும்.

இதுல மொத்தம் புரோட்டீன் எவ்ளோ வருது?

ஓட்ஸ் 100 கிராம்ல ஏறக்குறைய 13 கிராம் புரோட்டீன், அப்போ 60 கிராமுக்கு 8 கிட்ட. பெரிய முட்டை ஒண்ணுல 6 கிராம் சொச்சம், ரெண்டுக்கு 12. வடிகட்டின தயிர் 100 கிராம்ல 9, சில டப்பால 10 கூட போட்டிருக்கும். பவுடர் ஸ்கூப்புக்கு 20 முதல் 25. பால்ல இருந்து 1. எல்லாம் சேர்த்து 50 கிராமுக்கு மேல போயிடுது, ஒரு பேன்கேக்குக்கு 8, 9 கிராம்னு வச்சுக்கலாம். மூணு சாப்பிட்டா 25 கிராமுக்கு மேல. கவனிச்சு பாத்தீங்கன்னா பாதிக்கு மேல பவுடர்ல இருந்து வரல, அதான் இது சாப்பிடுற மாதிரி இருக்கு.

எந்த பவுடர் நல்லா வரும்? வேயா, கேசீனா, செடில இருந்து வர்றதா?

பால்ல இருக்கிற புரோட்டீன்ல 80 சதவீதம் கேசீன், 20 சதவீதம் வே. ரெண்டும் ஒரே பால்ல இருந்து வந்தாலும் குணம் நேரெதிர். கேசீன் தண்ணிய நல்லா இழுத்து கலவைய கெட்டியாக்கும், சூட்டுக்கும் அவ்ளோ சீக்கிரம் இறுகாது. பாலக் கொதிக்க வச்சாலும் அது பாட்டுக்கு பாலாவே இருக்குல்ல, முக்கால்வாசி காரணம் கேசீன்தான். வே அப்படி இல்ல, மேல சொன்ன மாதிரி சூடு பட்டா இறுகுற ஜாதி.

அதனால என் கணக்குல முதல் இடம் வேயும் கேசீனும் கலந்த பவுடருக்கு. அடுத்து தனி கேசீன், ஆனா அதுக்கு பால் கூட வேணும், 2 டேபிள்ஸ்பூன்ங்கிறது 5, 6 வரைக்கும் போகும், இல்லன்னா கலவை சிமெண்ட் மாதிரி நிக்கும். வெறும் வேதான் வீட்ல இருக்குன்னா பரவால்ல, அதுலயும் கான்சன்ட்ரேட்டா (கம்மியா வடிகட்டினது) இருந்தா ஐசோலேட்ட (இன்னும் சுத்தமா வடிகட்டினது) விட கொஞ்சம் சாஃப்டா வருது, ஏன்னா கான்சன்ட்ரேட்ல கொழுப்பும் லாக்டோஸும், அதாவது பால் சர்க்கரையும், மிச்சம் இருக்கும். ஐசோலேட் ஷேக்குக்கு அருமை, தவாக்கு அவ்ளோ தோஸ்து இல்ல.

பட்டாணி புரோட்டீன், அரிசி புரோட்டீன் பத்தி கேக்குறீங்க. தண்ணிய பயங்கரமா குடிக்கும். கலந்ததும் சரியா இருக்கிற மாதிரி இருக்கும், அஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்தா களிமண்ணு. அதனால கொஞ்சம் தண்ணியா கலந்து ஊற விட்டு அப்புறம் அளவு பாத்து பால் ஊத்துங்க. நாக்குல மணல் மாதிரி ஒரு நெருநெருப்பு வரும், அது முழுசா போகாது, கொக்கோ சேர்த்தா ஓரளவு மறைஞ்சுக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. பவுடர்ல இருக்கிற இனிப்பும் வாசனையும் சூட்டுல இன்னும் தூக்கலா தெரியும். ஷேக்ல குடிக்கும்போதே திகட்டுற பவுடர் பேன்கேக்ல நல்லா இருக்கப் போறது இல்ல.

பவுடரே இல்லாம பண்ண முடியாதா?

தாராளமா. சொல்லப்போனா ருசி அதுலதான். காட்டேஜ் சீஸ் 200 கிராம், முட்டை 3, ஓட்ஸ் 60 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு, எல்லாத்தையும் மிக்ஸில ஒரே ஓட்டு. காட்டேஜ் சீஸ்ல 100 கிராமுக்கு 11 கிராம் கிட்ட புரோட்டீன் இருக்கு, அப்போ மொத்தம் 48 கிராம் பக்கம் வந்துடுது, பவுடர் போட்டதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல பாருங்க. உயரம் கொஞ்சம் கம்மியா வரும், ஆனா உள்ள ஈரமா கஸ்டர்ட் மாதிரி இருக்கும். அவசரமான காலைல நான் பண்றது இதுதான், வெள்ளைக்கரு அடிக்கிற வேலையும் மிச்சம்.

வெள்ளைக்கருவ தனியா அடிச்சே ஆகணுமா?

கட்டாயம் இல்ல. ஆனா ஒருதடவ அடிச்சு பண்ணிட்டீங்கன்னா அப்புறம் அடிக்காம பண்ண மனசு வராது. பவுடர் போட்ட மாவு சாதா மாவ விட கனமா இருக்கும், பேக்கிங் பவுடர் மட்டும் அத தூக்க திணறும். நல்லா அடிச்ச வெள்ளைக்கரு தன் அளவ விட ஆறு ஏழு மடங்கு பொங்கும், உள்ள முழுக்க காத்து, அந்த காத்துதான் நமக்கு தூக்கி விடுற ஆளு.

பாத்திரத்துல துளி எண்ணெய் இருக்கக்கூடாது, பிளாஸ்டிக் பாத்திரம் கழுவினாலும் ஒரு பிசுக்க வச்சிருக்கும், அதனால ஸ்டீல் இல்லன்னா கண்ணாடி. மஞ்சக்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை சரியா எழும்பாது. முட்டை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே உடைச்சா வெள்ளையும் மஞ்சளும் சுத்தமா பிரியும், ஆனா அடிக்கிறதுக்கு குளுமை போயிருந்தா நல்லது, அதனால பிரிச்சு வச்சிட்டு மத்த வேலைய பாருங்க.

அடிக்க ஆரம்பிச்சதும் முதல்ல சோப்பு நுரை மாதிரி பெரிய பெரிய குமிழி வரும். அப்புறம் குமிழி சின்னதாகி வெள்ளையாகும், விஸ்க் போன தடம் மேல கோடு கோடா நிக்கும். அங்க நிறுத்தி விஸ்க்க தூக்கி தலைகீழா பிடிங்க. நுனி நின்னு கிளி மூக்கு மாதிரி லேசா வளைஞ்சா போதும், நிறுத்திடுங்க. நேரா ஊசி மாதிரி நிக்கிற வரைக்கும் அடிச்சா மாவோட சேராது, அதுக்கும் மேல போனா பஞ்சு பிச்சு போட்ட மாதிரி திரிஞ்சு அடியில தண்ணி விட்டுடும், அத காப்பாத்த வழி இல்ல.

மாவுல சேர்க்கும்போது மூணு தவணையா போடுங்க. முதல் பங்க தயங்காம நல்லாவே கலந்துடலாம், அது மாவ இளக்குறதுக்காக பலி குடுக்குறது. மிச்ச ரெண்டையும் அடில இருந்து அள்ளி மேல மடிச்சு, பாத்திரத்த கொஞ்சம் திருப்பி, திரும்ப அள்ளி மடிச்சு. அங்கங்க வெள்ளை கோடு தெரிஞ்சா தெரியட்டும். ஒருதடவ எல்லாம் மடிச்சு வச்சிட்டு போன் வந்துச்சுன்னு இருபது நிமிஷம் பேசிட்டு வந்தேன், பாத்திரத்துல அடில தண்ணி, மேல நுரை, நடுவுல என் அசட்டுத்தனம். அடிச்சா உடனே சுடணும்.

பேக்கிங் பவுடரா, சமையல் சோடாவா?

சோடாவுக்கு புளிப்பு வேணும், பேக்கிங் பவுடர்ல அந்த புளிப்பு பொடியாவே உள்ள இருக்கும். இப்ப கிடைக்கிற பேக்கிங் பவுடர் பெரும்பாலும் ரெண்டு கட்டமா வேலை செய்யும், ஈரம் பட்டதும் கொஞ்சம் கேஸ் விடும், சூடு பட்டதும் மிச்சத்த விடும். நம்ம அளவுல தயிர் இருக்கிறதால அதோட புளிப்புக்கு ஒரு சிட்டிகை சோடா, அவ்ளோதான் அதோட பங்கு. சோடா பேக்கிங் பவுடர விட மூணு மடங்கு வீரியம், அதனால "இன்னும் புசுபுசுன்னு வரட்டும்"னு கை தாராளம் காட்டினா சோப்பு ருசி வரும், மேலயும் சீக்கிரம் கறுத்துடும். பேக்கிங் பவுடர கூட்டினாலும் லாபம் இல்ல, குமிழி ரொம்ப பெருசாகி உடைஞ்சு எழும்பினது அமுங்கிடும்.

டப்பா பழசா இருந்தா அரை டீஸ்பூன சுடுதண்ணில போட்டு பாருங்க, புஸ்ஸுன்னு பொங்கணும். சும்மா முனகினா குப்பைல போடுங்க.

சும்மா தெரிஞ்சுக்க ஒண்ணு: ஆல்ஃபிரட் பேர்டுங்கிற இங்கிலாந்து வேதியியல்காரர் 1843ல பேக்கிங் பவுடர் செஞ்சதுக்கு காரணமே அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்காததுதான். முட்டையும் ஆகாதுன்னு அதுக்கு முன்னாடியே முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரும் பண்ணி வச்சிருந்தார். அந்த அம்மா வயித்த சமாளிக்கப் போய் நமக்கு பேன்கேக்.

மாவு பதம் எப்படி இருக்கணும்?

வெள்ளைக்கரு சேர்க்குறதுக்கு முன்னாடி, கரண்டில எடுத்து சாய்ச்சா ஓடக்கூடாது, பொத்துன்னும் விழக்கூடாது, பட்டையா மெதுவா வழிஞ்சு விழுந்த இடத்துல ஒரு ரெண்டு செகண்ட் மேடா நின்னு அப்புறம் கலையணும். உடனே கலைஞ்சா ஒரு ஸ்பூன் ஓட்ஸ் மாவு சேருங்க (பவுடர் இல்ல, மாவு!). கலையவே இல்லன்னா ஒரு ஸ்பூன் பால்.

கட்டி கட்டியா இருக்கு, மிக்ஸில போட்டு அடிச்சிடவா?

எந்த மாவுன்னு பொறுத்து. மைதா, கோதுமைன்னா அடிக்காதீங்க, அதுல இருக்கிற க்ளூட்டன்ங்கிற இழுவை புரோட்டீன் முறுக்கேறி பேன்கேக் இழுபடும், சின்ன சின்ன கட்டி சூட்டுல தானா சரியாயிடும். ஓட்ஸ்ல அந்த க்ளூட்டன் பயம் இல்ல, அதனால மிக்ஸி ஓகே, வெள்ளைக்கரு சேர்க்குறதுக்கு முன்னாடி வரைக்கும்தான். ஆனா பவுடர் கட்டி வேற விஷயம், அது தானா கரையாது, வெந்த பேன்கேக்ல மஞ்சளா ஒரு கெட்டி முடிச்சா கிடக்கும், கடிச்சா பல்லுல ஒட்டும். அதுக்குத்தான் சலிக்கச் சொன்னேன்.

ஊற வைக்கிறது எதுக்கு?

ஓட்ஸ் தண்ணி குடிக்க நேரம் வேணும், அதுக்கு அஞ்சுல இருந்து பத்து நிமிஷம். ராத்திரியே கலந்து வைக்காதீங்க, பேக்கிங் பவுடரோட பாதி கேஸ் காலைக்குள்ள போயிருக்கும். முன்னாடியே தயார் பண்ணணும்னா காஞ்சத ஒரு டப்பால கலந்து வச்சுக்கோங்க, நான் அஞ்சு தடவைக்கு ஒரேயடியா கலந்து வச்சிடுவேன்.

வெளிய கருகுது, உள்ள பச்சையா இருக்கு. என்ன தப்பு?

தீ. வேற எதுவும் இல்ல, தீதான். சாதா பேன்கேக்குக்கு வைக்கிற சூட்டுலயே இதையும் வைக்கிறீங்க. புரோட்டீனும் பால்ல இருக்கிற சர்க்கரையும் சேர்ந்தா சூட்டுல மளமளன்னு செவக்கும், வே பவுடர்ல ரெண்டும் இருக்கு, அதனால நடு பாகம் வேகுறதுக்கு முன்னாடியே மேல கறுத்துடும். இத சுட மிதமான தீக்கும் கீழ போகணும், நேரம் கூட குடுக்கணும்.

சூடு சரியா இருக்கான்னு தெரிய தவால ரெண்டு சொட்டு தண்ணி தெளிங்க. சொட்டு விழுந்த இடத்துலயே சுர்ருன்னு கொதிச்சு ரெண்டு மூணு செகண்ட்ல வத்தினா சரியான சூடு. முத்து மாதிரி உருண்டு தவா மேல ஓடி விளையாடினா அது ரொம்ப சூடு, தண்ணிக்கும் தவாக்கும் நடுவுல ஆவி ஒரு மெத்தை போட்டு சொட்ட தூக்கி வச்சிருக்கு. பாக்க அழகா இருக்கும், நிறைய பேரு இதத்தான் "தவா ரெடி"ன்னு சொல்லித் தருவாங்க, புரோட்டீன் பேன்கேக்குக்கு இது ரெடி இல்ல, கருக்குற சூடு. தீய குறைச்சு ஒரு நிமிஷம் விடுங்க.

அப்புறம் மூடி. இத யாரும் பெருசா சொல்றது இல்ல. மாவ ஊத்தினதும் தவா ஓரத்துல அரை ஸ்பூன் தண்ணி விட்டு மூடிடுங்க, ஆவி மேல் பக்கத்தையும் வேக வைக்கும், அடி கருகுறதுக்குள்ள உள்ள வெந்துடும், மேல காயாம இருக்கிறதால நல்லாவும் எழும்பும். உயரமா ஆடிட்டு நிக்குமே ஜப்பான் சூஃப்ளே பேன்கேக், அதுலயும் சின்ன தீ, மூடி, கொஞ்சம் ஆவி, இதே டெக்னிக்தான். முதல் பக்கம் மூணு நிமிஷம், திருப்பினப்புறம் ரெண்டு, இது என் அடுப்புக்கு. உங்களோடது ஒரு அரை நிமிஷம் முன்ன பின்ன இருக்கும்.

எண்ணெயோ வெண்ணெயோ தவால ஓடக்கூடாது, டிஷ்யூல தொட்டு ஒரு தடவு.

எப்ப திருப்பணும்? குமிழியே வர மாட்டேங்குதே

வராது. மாவு கெட்டி, உள்ள நுரை வேற இருக்கு, சாதா பேன்கேக் மாதிரி மேல குமிழி வந்து வெடிச்சு ஓட்டையா நிக்கும்னு காத்திருந்தா அடி கருகிடும். ஓரத்த பாருங்க. பளபளப்பு போய் ஒரு விரல் அகலத்துக்கு மங்கலா ஆகியிருக்கணும், தோசைத் திருப்பிய அடில செருகினா ஒட்டாம வழுக்கிட்டு போகணும். ஒட்டுச்சுன்னா இன்னும் நேரம் ஆகல, பிடுங்காதீங்க. ஒரே தடவ திருப்புங்க, திருப்பினப்புறம் கரண்டியால தட்டி அமுக்குற பழக்கம் இருந்தா அந்த கைய கட்டிப் போடுங்க, அஞ்சு நிமிஷம் அடிச்ச காத்து அஞ்சு செகண்ட்ல போயிடும்.

முதல் பேன்கேக் மட்டும் எப்பவும் ஏன் சொதப்புது?

தவா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சூடாகி இருக்காது, எண்ணெயும் கூட இருக்கும். சின்னதா ஒரு ஸ்பூன் ஊத்தி டெஸ்ட் பண்ணுங்க, அது சமையல்காரர் கூலி, நின்னுட்டே சாப்பிட்டுடலாம்.

தவால நல்லா உப்பி இருந்துச்சு, தட்டுக்கு வந்ததும் அமுங்கிடுச்சு

கொஞ்சம் அமுங்கும், உள்ள இருக்கிற ஆவி ஆறினா சுருங்கத்தான் செய்யும். கால்வாசி உயரம் போறது சகஜம். பாதிக்கு மேல போச்சுன்னா நடுவுல வேகல, புரோட்டீன் செட் ஆகாம சுவர் நிக்க முடியாம இடிஞ்சு விழுந்திருக்கு. இன்னும் சின்ன தீ, இன்னொரு நிமிஷம். அப்புறம் சுட சுட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, அடில இருக்கிறது பாவம் அதோட ஆவிலயே நனைஞ்சு நசுங்கிடும். கம்பி ஸ்டாண்டுல தனித்தனியா வச்சிட்டு பரிமாறும்போது அடுக்குங்க.

வாழைப்பழம் சேர்க்கலாமா?

பாதி பழம் வரைக்கும் சரி, வாசனையா இருக்கும், ஆனா அப்போ பால் வேணாம். முழுப் பழம் மசிச்சு போட்டா உள்ள பிசுபிசுன்னு வேகாத மாதிரியே நிக்கும். "ஒரு பழம் ரெண்டு முட்டை, மாவே வேணாம்"னு ஒரு ரெசிபி சுத்துதே, அது ஆம்லெட். நல்ல ஆம்லெட்தான், பேன்கேக்னு கூப்பிட வேணாம். புரோட்டீன் கணக்குலயும் ஒரு பழத்துக்கு 1 கிராம் சொச்சம்தான்.

சூடு பண்ணினா புரோட்டீன் செத்துடுமாமே?

சாகாது. சூட்டுல அதோட வடிவம்தான் மாறுது, இழை பிரியுது, நமக்கு வேண்டிய அமினோ அமிலம் அப்படியே கிடக்கு. வயித்துக்குள்ள போனதும் அமிலம் எப்படியும் அந்த இழைய பிரிக்கத்தான் போகுது. இன்னும் சொல்லணும்னா முட்டை விஷயத்துல சமைச்சாதான் லாபம், 1998ல வெளியான ஒரு ஆய்வுல சமைச்ச முட்டை புரோட்டீன்ல 91 சதவீதம் கிட்ட செரிமானம் ஆகியிருக்கு, பச்சை முட்டைல 51 சதவீதம்தான். சிறு குடல்ல இருந்து வெளிய வர்றத அளக்க முடிஞ்ச சில பேர வச்சு பண்ணினது, சின்ன ஆய்வு, ஆனா திசை தெளிவா இருக்கு. அதனால மாவ நக்கி பாக்குறத விட்டுட்டு சுட்டு சாப்பிடுங்க, பச்சை முட்டைல இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி பயமும் இல்ல. கருக விட்டா மட்டும் மேல் ஓட்டுல கொஞ்சம் லைசின்ங்கிற அமினோ அமிலம் நஷ்டம், கருகினத யாரு சாப்பிடப் போறா.

முட்டை சாப்பிட மாட்டேன், எனக்கு வழி இருக்கா?

இருக்கு, ஆனா உயரத்துல சமாதானம் பண்ணிக்கணும். முட்டை இல்லாதப்ப ஓட்ஸும் பவுடரும் மட்டும் கூட்டு சேர்ந்தா பிடிமானமே இருக்காது, திருப்பும்போது உடையும். அதனால பாதி ஓட்ஸ், பாதி மைதா, அதுல இருக்கிற க்ளூட்டன் பிடிச்சுக்கும். ஆளி விதை பொடி 1 டேபிள்ஸ்பூன 3 டேபிள்ஸ்பூன் தண்ணில பத்து நிமிஷம் ஊற வச்சா கொழகொழன்னு வரும், ஒரு முட்டைக்கு பதில் அது. ரெண்டு முட்டைக்கும் அதையே போட்டா ஈர களிமண் மாதிரி ஆகுது, ஒண்ணோட நிறுத்திட்டு தயிர 150 கிராம் ஆக்குங்க. கொண்டைக்கடலை வேக வச்ச தண்ணிய அடிச்சா வெள்ளைக்கரு மாதிரியே நுரை வரும், பத்து நிமிஷம் பொறுமையா அடிக்கணும், சூட்டுல அது முட்டை மாதிரி செட் ஆகாதுங்கிறதால பாதி உயரம் போயிடும், இருந்தாலும் இல்லாததுக்கு இது மேல். பவுடர் கேசீன் கலந்ததா இருந்தா நல்லது, வெறும் வேன்னா 20 கிராமோட நிறுத்திக்கோங்க.

மேல என்ன ஊத்தி சாப்பிடலாம்?

உங்க இஷ்டம். தேன், பழம், நட் பட்டர். நான் மிச்சம் இருக்கிற தயிர்ல கொஞ்சம் தேன் அடிச்சு ஊத்திப்பேன், கூட ரெண்டு மூணு கிராம் புரோட்டீனும் ஆச்சு.

யாராவது யோசிச்சு சாப்பிடணுமா?

பால், முட்டை அலர்ஜி இருக்கிறவங்களுக்கு சொல்ல வேண்டியதே இல்ல. பால் குடிச்சா வயிறு உப்புறவங்களுக்கு கான்சன்ட்ரேட்டுக்கு பதில் ஐசோலேட், லாக்டோஸ் கம்மி, கொஞ்சம் கெட்டியா வரும் பரவால்ல. ஓட்ஸ்ல இயல்பா க்ளூட்டன் இல்லன்னாலும் கோதுமையோட கலந்து வர வாய்ப்பு அதிகம், சீலியாக், அதாவது க்ளூட்டன் சேராத குடல் நோய், இருக்கிறவங்க க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்ட பாக்கெட்டே வாங்கணும். கிட்னி பிரச்சனை இருந்தா புரோட்டீன கூட்டுறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேளுங்க. மத்தபடி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எடைல கிலோவுக்கு 0.8 கிராம்ங்கிறது குறைஞ்சபட்ச கணக்கு, ஜிம்முக்கு போறவங்க அதுக்கு மேல எடுப்பாங்க, அந்த கணக்கெல்லாம் இங்க எதுக்கு, நமக்கு பேன்கேக் வரணும்.

மிச்சமானத எடுத்து வைக்கலாமா?

முழுசா ஆறின அப்புறம். சூடா டப்பால போட்டு மூடினா மூடில தண்ணி கோத்து சொத சொதன்னு ஆயிடும். ஃப்ரிட்ஜ்ல மூணு நாள், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பட்டர் பேப்பர் போட்டு அடுக்கிட்டா ஒண்ணொண்ணா எடுக்கலாம், ரெண்டு மாசம் தாங்கும். திரும்ப சூடு பண்ண டோஸ்டர்தான் பெஸ்ட், ஃப்ரீசர்ல இருந்து நேரா போடலாம், மேல லேசா மொறுமொறுப்பும் வரும். மைக்ரோவேவ்னா ஈர டிஷ்யூ சுத்தி இருபது செகண்ட், தொட்டு பாத்து பத்தலைன்னா இன்னொரு பத்து. ஒரேயடியா ஒரு நிமிஷம் வச்சீங்கன்னா அந்த டொக்கு சத்தம் திரும்ப கேக்கும்.